ஒட்டி முடித்த இரவு: டேப்புக்குள் ஈரம் போயிருக்குமோ?

இரவு பத்தரை மணிக்கு மதுரையிலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். "அண்ணே, டேப்புக்குள்ள தண்ணி போயிருச்சுன்னு நெனக்கிறேன். கீழ் மூலையில மேகம் மாதிரி வெள்ளையாத் தெரியுது." பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனின் டேப். அன்று மாலைதான் ஃபிலிம் வகை ஸ்க்ரீன் கார்டு வாங்கி, டப்பாவோடு வந்த ஸ்ப்ரேயை அடித்து, தானே ஒட்டியிருக்கிறாள். எவ்வளவு அடித்தாய் என்று கேட்டேன். "கோணலாப் போச்சுன்னு ரெண்டு தடவ பிரிச்சு ஒட்டுனேன். பாட்டில்ல பாதி காலி." இப்போது டேப் எங்கே? "அரிசி டிரம்முக்குள்ள." அதற்கு முன்னால்? "சார்ஜ் ஏறுதான்னு ஒரு நிமிஷம் போட்டுப் பாத்தேன். ஏறுச்சு."

ஸ்க்ரீன் கார்டு ஸ்ப்ரேயால் கெட்டுப்போன டேப்பை நான் ஒன்றிரண்டுதான் பார்த்திருக்கிறேன். ஸ்ப்ரேயால் கெட்டிருக்குமோ என்ற பயத்தில் கெடுக்கப்பட்டவற்றை அதைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் டிரம்மிலிருந்து அதை எடு, சார்ஜரைத் தொடாதே, மற்றதைப் பேசலாம் என்று ஆரம்பித்தேன். நீங்களும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

எதை ஒட்டினீர்கள்?

கண்ணாடி வகை, அதாவது கடைகளில் "டெம்பர்" என்று சுருக்கமாகச் சொல்வது, உலர்ந்த நிலையில் ஒட்டுவது. அதில் ஈரம் என்று வருவது பாக்கெட்டில் இருக்கும் ஈரத்துடைப்பான் மட்டும்தான். அதில் இருப்பது பெரும்பாலும் ஐசோபுரொபைல் ஆல்கஹால்; துடைத்த ஒரு நிமிடத்தில் ஆவியாகிவிடும். இந்த வகையை ஒட்டிவிட்டு இரவெல்லாம் விழித்திருக்கத் தேவையில்லை. துடைப்பானைத் தொலைத்துவிட்டு, ஜன்னல் துடைக்கும் நீல ஸ்ப்ரேயைத் திரை மேலேயே அடித்தவர்களும், கைக்குப் போடும் சானிடைசர் ஜெல்லைத் தேய்த்தவர்களும் மட்டும் மேலே படியுங்கள். ஜெல்லில் உள்ள பிசுபிசுப்பு ஆல்கஹாலோடு சேர்ந்து பறந்துபோகாது.

ஃபிலிம் வகையும், கடையில் மெஷினில் வெட்டித் தரும் ஹைட்ரோஜெல் ஷீட்டும் வேறு கதை. இவற்றில் பலவற்றை ஈரத்தில் மிதக்கவிட்டு, இப்படி அப்படி நகர்த்தி, இடம் பார்த்து உட்காரவைத்து, பிறகு தண்ணீரை வழித்து எடுக்க வேண்டும். கேமரா ஓட்டைக்கு நேராக ஷீட்டைக் கொண்டுவர அந்த வழுக்கல் தேவை. ஆகவே திரையில் ஈரம் இருப்பது உங்கள் தவறில்லை, வேலையின் முறையே அது.

மூன்றாவது ஒன்று உண்டு: திரவப் பசையை ஊற்றி, கண்ணாடியை அதன் மேல் வைத்து, புற ஊதா விளக்கைக் காட்டி இறுகச் செய்வது. கடைகளில் "யூவி கிளாஸ்" என்பார்கள். ஓரம் வளைந்த போன்களுக்காக வந்த முறை. டேப்பின் திரை தட்டையானது. அதற்கு இது எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. யாராவது டேப்புக்குப் போடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தண்ணீர் கசிந்தால் காயும். இந்தப் பசை கசிந்தால் ஸ்பீக்கர் வலைக்குள்ளும் பட்டன் இடுக்கிலும் போய்க் கல்லாக இறுகிவிடும். விளக்கைக் காட்டும் முன் கவனித்தால் ஆல்கஹால் தொட்ட துணியால் வழித்துவிடலாம். காட்டிய பிறகு மின்விசிறி, வெயில், பொறுமை எதுவும் உதவாது.

வெறும் தண்ணீர்தானே என்று சொல்ல முடியாது

அந்தச் சின்ன பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் ஒரு துளி சோப்பும்தான். வீட்டில் செய்பவர்கள் குழந்தை ஷாம்பூவில் இரண்டு சொட்டு விடுவார்கள். கவனிக்க வேண்டியது அந்தத் துளி சோப்பைத்தான்.

தாமரை இலைத் தண்ணீர் என்கிறோமே, அது ஒட்டாமல் உருள்வதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். கொல்லையில் சேப்பங்கிழங்குச் செடி இருந்தால் அதன் இலையிலும் இதே வேடிக்கை நடக்கும். இலையில் நிற்கும் அந்த முத்தை, சோப்பு தோய்த்த ஈர்க்குச்சியால் தொட்டுப் பாருங்கள். முத்து உடைந்து இலையில் பரவிவிடும். தண்ணீரை உருண்டையாகப் பிடித்துவைப்பது அதன் பரப்பு இழுவிசை. சோப்பு அதைப் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிடுகிறது. ஸ்பீக்கர் ஓட்டைகளுக்குப் பின்னால் இருக்கும் நெருக்கமான வலை மேல் வெறும் தண்ணீர்த் துளி விழுந்தால், துடைத்து எடுக்கும்வரை பெரும்பாலும் மேலேயே நிற்கும். சோப்புத் துளி வலையை நனைத்துக்கொண்டு இறங்கிவிடும். டேப்பின் தண்ணீர்த் தடுப்பு எண்ணை நம்பி இருப்பவர்களும் இதை நினைவில் வையுங்கள். 2023-இல் வந்த கேலக்ஸி டேப் எஸ்9 வரிசைக்கு ஐபி68 தரம் உண்டு: 6 என்பது தூசிக்கு, 8 என்பது தண்ணீருக்கு. ஐபேட்களுக்கு அப்படி எந்த எண்ணும் இல்லை. எண் இருக்கும் கருவியிலும் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடந்தது. சோப்புத் தண்ணீருக்கு அது வாக்குக் கொடுக்கவில்லை.

இனி ஆறுதலான கணக்கு. இப்படிப்பட்ட ஒரு ஸ்ப்ரே பாட்டிலைச் சமையலறைத் தராசில் இருந்த கிண்ணத்துக்குள் இருபது முறை அழுத்திப் பார்த்தேன். 2 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. அதாவது ஓர் அழுத்துக்கு ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். 10 மில்லி பாட்டிலில் பாதி காலி என்றால் 5 மில்லி, ஒரு தேக்கரண்டி. அதில் பெரும்பகுதி துணியிலும் மேஜையிலும் அவள் சேலைத் தலைப்பிலும் போயிருக்கும். திரைக்கண்ணாடியின் ஓரம் சட்டத்தோடு பசையால் ஒட்டப்பட்டது, அங்கே எளிதில் இறங்காது. இறங்க வழி உள்ள இடங்கள் ஸ்பீக்கர் வரிசை, ஊசிமுனை அளவுள்ள மைக் ஓட்டை, சார்ஜ் பின் போடும் இடம், ஹெட்போன் ஓட்டை, பட்டன்கள், பழைய மாடலாக இருந்தால் ஹோம் பட்டன். ஆகவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: வழிந்த தண்ணீர் இவற்றில் ஒன்றின் மேல் தேங்கி நின்றதா? திரை நடுவே மட்டும் ஈரம் இருந்து, ஓரத்தில் துணி வைத்து வாங்கிவிட்டீர்கள் என்றால் தூங்கப் போகலாம்.

மேகம் எங்கே இருக்கிறது?

பயப்படுகிறவர்களில் பெரும்பாலானோர் பார்ப்பது ஷீட்டுக்கும் திரைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஈரத்தை. அது டேப்புக்கு வெளியே இருக்கிறது. திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு அது உள்ளே இருப்பதுபோலத்தான் தெரியும்.

முதலில் டேப்பை முழுவதும் ஆஃப் செய்யுங்கள். அறை விளக்கை அணைத்து, போன் டார்ச்சைத் திரையோடு படுக்கவைத்தாற்போல் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். ஷீட்டுக்கு அடியில் இருக்கும் ஈரம், பால் கலந்த மாதிரி மங்கலாக, கரை தெளிவில்லாமல் தெரியும். மெல்லிய துணி சுற்றிய பழைய ஏடிஎம் கார்டின் ஓரத்தால் அந்த இடத்தை மெதுவாக வழித்துப் பாருங்கள். உருவம் மாறினாலோ, ஒரு பக்கம் தள்ளிப்போனாலோ, அது ஷீட்டுக்கு அடியில்தான். நடுவில் ஒரு புள்ளி இருந்து சுற்றிலும் வட்டமாக உப்பியிருந்தால், அது தூசி. கண்ணாடிபோல் தெளிவான குமிழ் என்றால் காற்று. பால் நிறம் மட்டும்தான் தண்ணீர். ஃபிலிம் வழியாகவும் ஓரம் வழியாகவும் அது மெல்ல மெல்ல ஆவியாகும். வழக்கமாக இரண்டு மூன்று நாள். ஐப்பசி மழையில் துணியே காயாத வாரமென்றால் இன்னும் சில நாள் கூடும்.

அடுத்து, ஆன் செய்து முழு வெளிச்சத்தில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். தரையில் சிந்திய காபி துடைக்காமல் காய்ந்தால் ஓரம் கருத்து ஒரு வளையம் நிற்குமே, அதுபோன்ற கறை, திரை எரியும்போது மட்டும் தெரிந்து அணைத்தால் மறைகிறதா? அப்படியென்றால் ஈரம் திரைக்குப் பின்னால், விளக்கொளியைப் பரப்பும் தாள்களுக்கு நடுவே போயிருக்கிறது. இது எல்சிடி திரைக்குச் சொன்னது. ஓலெட் திரையில் அந்தத் தாள்கள் இல்லை.

நடுவில் ஒரு குழப்பம். விலை குறைந்த டேப்கள் பலவற்றில் மேல் கண்ணாடிக்கும் திரைக்கும் இடையே மெல்லிய காற்று இடைவெளி உண்டு. ஐபேட்களில் இந்த இடைவெளியை முதலில் எடுத்துவிட்டு இரண்டையும் ஒட்டியது 2014-இல் வந்த ஐபேட் ஏர் 2. அடிப்படை ஐபேட்கள் அதற்குப் பிறகும் இடைவெளியோடுதான் வந்தன. விரலால் தட்டினால் சற்றுக் கூடாகச் சத்தம் கேட்கும். அந்த இடைவெளியில் மூச்சு விட்ட கண்ணாடிபோல் மூடுபனி கட்டினால், அது நிஜமாகவே உள்ளே.

இவ்வளவு பார்த்தும் தெளிவாகவில்லையா? ஷீட்டை உரித்துவிடுங்கள். சில நூறு ரூபாய் ஷீட்டைக் காப்பாற்றுவதற்காக மூன்று நாள் டார்ச் அடித்துக்கொண்டிருப்பது புத்திசாலித்தனம் இல்லை. உரித்துத் துடைத்த பிறகும் மேகம் அங்கேயே இருந்தால் உள்ளே. ஷீட்டோடு போய்விட்டால் வெளியே. இதைவிட நிச்சயமான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

தொடாமலே திரை தானாக நகர்கிறது, எழுத்து தானாக விழுகிறது என்றால் அதற்குள் போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். இந்தத் திரைகள் விரலின் மின்தன்மையை வைத்துத் தொடுதலை அறிகின்றன. தண்ணீர்ப் படலமும் விரல்போலத்தான் அதற்குப் படும். காய்ந்ததும் பெரும்பாலும் சரியாகும்.

உள்ளேதான் போயிருக்கிறது என்றால்

தண்ணீர் மட்டுமே சர்க்யூட்டைக் கெடுத்துவிடாது. அதில் கரைந்த உப்பும் சோப்பும், கூடவே மின்சாரமும் இருந்தால்தான் வேலை வேகமாக நடக்கும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு செம்புக் கோடுகளுக்கு நடுவே ஈரம் இருந்து, ஒன்றில் மின்னழுத்தம் ஓடினால், செம்பு அயனியாகக் கரைந்து மறுபக்கம் போய்ப் படிந்து, அங்கிருந்து வேர்போலத் திரும்பி வளரும். தொட்டுவிட்டால் ஷார்ட். திரை விளக்குக்குப் போகும் பகுதியில் மின்னழுத்தம் மற்ற இடங்களைவிடக் கூடுதல் என்பதால் முதலில் அடிபடுவதும் பல நேரம் அதுதான். சித்தி மகள் "ஏறுதான்னு" பார்த்த அந்த ஒரு நிமிடத்துக்காக நான் கடிந்துகொண்டது இதனால்தான். சார்ஜ் பின் ஈரமாக இருக்கையில் மின்சாரத்தை உள்ளே அனுப்பித்தான் அவள் டேப் நலமா என்று விசாரித்தாள். பல கருவிகள் இப்போது பின்னில் ஈரம் கண்டால் எச்சரிக்கை காட்டி சார்ஜை நிறுத்திவிடும். அந்த எச்சரிக்கை வந்தால் வேறு சார்ஜரைத் தேடாதீர்கள்.

ஆகவே முதல் வேலை ஆஃப் செய்வது. தூங்கவைப்பது இல்லை, முழுவதுமாக அணைப்பது. பேட்டரியைக் கழற்ற முடியாத கருவி என்பதால் சில கோடுகளில் அப்போதும் மின்சாரம் இருக்கும். ஆனாலும் பெரும்பகுதி அடங்கும். போட்டோவும் பாடக் குறிப்பும் பேக்கப் எடுக்காமல் அணைப்பதா என்று கேட்பீர்கள். ஈரம் உள்ளே போனதா என்று சந்தேகம் மட்டும் என்றால் வைஃபையில் பேக்கப் எடுத்துவிட்டே அணையுங்கள். ஓட்டையில் தண்ணீர் தேங்கி நின்றதைக் கண்ணால் பார்த்தீர்கள் என்றால் முதலில் அணையுங்கள். பேக்கப் நாளை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

உறை, பேனா, கீபோர்டு எல்லாவற்றையும் கழற்றுங்கள். சிம் போடும் டேப் என்றால் அந்தத் தட்டையும் உருவி வையுங்கள். நனைந்த ஓட்டைகள் கீழே பார்க்கும்படி சுவரோடு சாய்த்து நிறுத்தி, இரண்டு மூன்று முறை உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். உதற வேண்டாம், உதறினால் ஓட்டை அருகே இருந்த துளி இன்னும் உள்ளே போகும். மேஜை மின்விசிறி ஓடும் அறையில், ஏசி இருந்தால் ஏசியில், ஒரு நாள் முதல் இரண்டு நாள் விடுங்கள். கடற்கரை ஊர்களில் மழைக்காலக் காற்றே ஈரச்சாக்கு மாதிரி இருக்கும். அப்போது மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது மேல். புதுச் செருப்பு டப்பாவில் வந்ததைத் தூக்கிப் போடாமல் சேர்த்துவைக்கும் பழக்கம் உள்ள வீடுகளுக்கு இங்கே பலன்.

ஹேர் டிரையர் வேண்டாம். திரையைப் பிடித்திருப்பது சூட்டில் இளகும் பசை. பேட்டரிக்கும் சூடு ஆகாது. ஐபேடை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். சித்திரை வெயில் படும் மொட்டைமாடியும் அந்தக் கணக்கில் வராது.

அரிசியைப் பற்றி நம் வீடுகளில் நம்பிக்கை அதிகம். அரிசி சுற்றியுள்ள காற்றிலிருந்து கொஞ்சம் ஈரம் வாங்கும், ஓட்டைக்குள் இருக்கும் தண்ணீரைப் போய் இழுக்காது. திறந்த அறையில் மின்விசிறிக் காற்று செய்யும் வேலைகூட மூடிய டிரம்மில் நடக்காது. மாவும் தவிட்டுத் தூளும் உள்ளே போவது தனி. 2024 பிப்ரவரியில் கவனத்துக்கு வந்த ஆப்பிளின் உதவிக் குறிப்பு ஒன்றும், ஐபோனை அரிசிப் பையில் போடாதீர்கள், துகள்கள் கெடுதல் செய்யலாம் என்றே சொன்னது.

இரண்டு நாள் கழித்து ஆன் செய்து ஸ்பீக்கர், மைக், கேமரா, பட்டன்கள், கடைசியாக சார்ஜ் என்று பாருங்கள். குரல் மட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் மைக் ஓட்டையில் இன்னும் ஈரம். மேலும் ஒரு நாள் கொடுங்கள். எல்லாம் சரியென்றாலும் தண்ணீர் போனபின் சோப்பின் படிவு தங்கியிருக்கலாம். அடுத்த சில வாரங்களில் சார்ஜ் ஏறுவது மந்தமாவது, திரையின் ஒரு பக்கம் மங்குவது, ஆஃபில் இருந்தும் பேட்டரி இறங்குவது தெரிந்தால் கடைக்கு எடுத்துப் போங்கள்.

சந்தேகத்துக்காக மட்டும் திறக்கக் கொடுக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். டேப்களில் பெரும்பாலானவற்றின் திரையைச் சூடுகாட்டிப் பெயர்த்துத்தான் திறக்க வேண்டும். பெரிய மெல்லிய கண்ணாடி அந்த வேலையில் விரிசல் விடுவது உண்டு. நோய் இல்லாத உடம்பில் கத்தி வைக்கும் கதை அது. ஆனால் குறி தெரிந்த பிறகு தாமதிக்கவும் கூடாது. கொடுக்கும்போது எந்தத் திரவம், எந்த ஓட்டை, எத்தனை நாள் ஆயிற்று என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். போர்டை வெளியே எடுத்து ஆல்கஹாலில் கழுவுவீர்களா, இல்லை வெறுமனே சூடுகாட்டிக் காயவைப்பீர்களா என்று கேளுங்கள். இரண்டாவது பதில் வந்தால் வேறு கடை. மறைத்துப் பயனும் இல்லை: பல கருவிகளுக்குள் தண்ணீர் பட்டால் வெள்ளையிலிருந்து சிவப்பாகும் சின்ன ஒட்டு வைத்திருப்பார்கள். சாதாரண உத்தரவாதத்தில் திரவச் சேதம் அடங்காது. தனியாக விபத்துக் காப்பு வாங்கியிருந்தால் அதன் விதிகளைப் பாருங்கள். ஒட்டியவர் கடைக்காரர், ஸ்பீக்கர் மேலேயே அடித்துவிட்டார் என்றால் பில்லையும் அன்று எடுத்த போட்டோவையும் வைத்துக்கொண்டு முதலில் அவரிடம் பேசுங்கள். சரிவராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

மறுமுறை ஒட்டும்போது

திரை மேல் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். ஷீட்டின் ஒட்டும் பக்கத்தில் அடியுங்கள், அதுவும் டேப்பை ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு. பத்து அங்குல ஷீட்டுக்கு ஐந்தாறு அழுத்து தாராளம். நனைந்தால் போதும், சொட்டக் கூடாது. ஷீட்டை ஒட்டுவதற்கு முன்பே டேப்பை ஆஃப் செய்து, ஸ்பீக்கர், மைக், சார்ஜ் பின் ஆகியவற்றின் மேல் பெயிண்டர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒட்டிவிடுங்கள். செல்லோ டேப் பிசின் விட்டுப்போகும். வழிக்கும்போது நடுவிலிருந்து ஓட்டை இல்லாத நீளப் பக்கங்களை நோக்கி வழித்து, அங்கே மடித்த பருத்தித் துணியைத் தயாராக வைத்திருங்கள். அகலப் பக்கங்களை நோக்கி வழித்தால் பெரும்பாலான டேப்களில் தண்ணீரை நேராக ஸ்பீக்கருக்கே ஓட்டிச் செல்கிறீர்கள். கடையில் ஒட்டினாலும் இதைக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சித்தி மகள் மறுநாள் காலையில் டார்ச் அடித்துப் பார்த்துச் சொன்னாள்: கார்டால் வழித்தால் மேகம் நகர்கிறது. மூன்றாம் நாள் அது மிளகு அளவுக்கு வந்தது, ஐந்தாம் நாள் இல்லை. ஆனால் சார்ஜர் வயர் மட்டும் முழுதாக உள்ளே போகவில்லை, லூசாக நின்றது. தண்ணீர்தான் பின்னை அரித்துவிட்டது என்று மறுபடியும் பயந்து போன் செய்தாள். டேப்பை அணைத்துவிட்டு டார்ச் அடித்து உள்ளே பார்க்கச் சொன்னேன். டைப்-சி பின்னின் நடுநாக்குக்கும் சுவருக்கும் இடையே ஒரு நொய் உட்கார்ந்திருந்தது. பல்குத்தும் மரக்குச்சியின் முனையைச் சீவி அதை நகர்த்தி எடுக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆயிற்று.